கலங்கலும் பாசியும்: சென்னைக் குடிநீர்த் தூய்மையாக்கத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாநகரின் குடிநீர் பெரும்பாலும் ஆழங்குறைந்த, மழைநீரை நம்பிய ஏரிகளிலிருந்தே பெறப்பட்டு வந்துள்ளது. மழைக்காலத்தில் களிமண் கலங்கலும் கோடையில் பாசிப் பெருக்கமும் இந்நீரின் நிலையான இயல்புகள். இவ்விரு சிக்கல்களையும் எதிர்கொள்ளத் தேற்றாங்கொட்டை, படிகாரம், மெதுமணல் வடிகட்டி, விரைமணல் வடிகட்டி, குளோரின் ஆகியவை வெவ்வேறு காலங்களில் பயன்பட்டன. இவற்றின் வரவையும் வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு முறையும் முந்தைய குறையைத் தீர்த்ததோடு புதியதொரு வினாவையும் எழுப்பியது என்பதும், தூய்மையாக்க நிலையத்தின் வரலாற்றை ஏரியின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: கலங்கல், பாசி, தேற்றாங்கொட்டை, செங்குன்றம் ஏரி, கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம், மெதுமணல் வடிகட்டி, படிகாரம்.

முன்னுரை

சென்னைக் குடிநீர் வரலாற்றைக் கூறும் நூல்களும் அறிக்கைகளும் பொதுவாக நீரின் அளவையே மையமாகக் கொள்கின்றன. எந்த ஏரி எப்போது இணைக்கப்பட்டது, எத்தனை கேலன் நீர் கிடைத்தது, எந்த ஆண்டில் வறட்சி வந்தது என்பனவே அவற்றின் பேசுபொருள்கள். கிடைத்த நீர் எத்தகையது, அது குடிக்கத்தக்கதாக எவ்வாறு மாற்றப்பட்டது என்னும் வினா பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது.

இந்த இடைவெளியில் ஒன்றுக்கொன்று முரணான இரு கூற்றுகள் வேரூன்றியுள்ளன. பாதுகாக்கப்பட்ட குடிநீர் என்பதே 1914ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கம் நிலையம் திறக்கப்பட்டபோதுதான் இந்நகரில் தொடங்கியது என்பது ஒன்று. நீரைத் தூய்மையாக்கும் அறிவு முழுவதும் தமிழரிடம் பண்டுதொட்டே இருந்தது, ஐரோப்பியர் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை என்பது மற்றொன்று. தெளிந்த நீர், தூய நீர், நோயற்ற நீர் ஆகிய மூன்றும் ஒன்றே எனக் கொள்வதால் எழுபவை இவ்விரு கூற்றுகளும். அம்மூன்றையும் வேறுபடுத்திப் பார்த்தால் வரலாறு வேறு உருக்கொள்கிறது.

1. தேற்றுதல்: விதையும் படிகாரமும்

கலங்கிய நீரில் மிதக்கும் மண்துகள்களில் பெரியவை தாமே அடியில் படியும். நுண்ணிய களிமண் துகள்கள் அவ்வாறு படிவதில்லை. அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உள்ளது. ஒத்த மின்னேற்றம் கொண்ட துகள்கள் ஒன்றையொன்று விலக்குவதால் அவை நாட்கணக்கில் நீரிலேயே நிற்கின்றன. இவற்றை ஒன்றுதிரட்டிக் கனமாக்கினால்தான் நீர் தெளியும். நவீன நீரியல் திரட்டல் என்று கூறும் இச்செயலின் விளைவை, அதன் காரணம் அறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே பல நாட்டு மக்கள் அறிந்திருந்தனர்.

தமிழகத்தில் இதற்குப் பயன்பட்டது தேற்றாங்கொட்டை. இம்மரம் சங்க இலக்கியத்தில் இல்லம் எனப்படுகிறது. கலங்கிய நீர் இல்லத்தின் விதையால் தெளிவதைக் கலித்தொகை உவமையாகக் கையாள்கிறது. உவமையாக ஆளப்பட்டதே இவ்வழக்கம் அன்று எல்லோரும் அறிந்ததாக இருந்தது என்பதற்குச் சான்றாகும். தேற்றுதல் என்ற வினை தெளிவித்தலையும் ஆறுதல்படுத்தலையும் ஒருங்கே குறிப்பது நோக்கத்தக்கது. வடமொழியில் கதகம் எனப்படும் இவ்விதையைச் சுசுருத சங்கிதையும் நீரைத் தெளிவிக்கும் பொருள்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. மண்பானையின் உட்புறத்தில் விதையை உரைத்து, அதில் நீரை ஊற்றி வைத்துத் தெளிந்த பின் இறுத்துக்கொள்வது இதன் செய்முறை.

இவ்வறிவு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் தங்கியிருந்த இத்தாலிய மருத்துவர் பிராஸ்பெரோ ஆல்பினி, நைல் ஆற்று நீரைத் தெளிவிக்க அங்குள்ளோர் பாதாம் பருப்பைக் கலத்தில் தேய்த்ததைப் பதிவு செய்துள்ளார். சீனாவில் வண்டல் மிகுந்த ஆற்றுநீருக்குப் படிகாரம் பயன்பட்டது. சூடான் நாட்டுப் பெண்கள் முருங்கை இனத்து விதைப்பொடியால் நைல் நீரைத் தெளிவித்து வந்ததை ஜெர்மானிய ஆய்வாளர் சமியா அல் அசாரியா யான் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விரிவாக ஆய்ந்தார். முருங்கை விதையிலுள்ள நேர்மின்னேற்றப் புரதங்கள் களிமண்ணின் எதிர்மின்னேற்றத்தைச் சமன்செய்வதே இதன் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

ஆயினும் விதையின் வரம்பையும் கூற வேண்டும். துகள்களோடு சேர்ந்து நுண்ணுயிர்களில் ஒரு பகுதியும் படிகிறது, முழுவதும் நீங்குவதில்லை. அன்றியும் விதையிலிருந்து கரையும் கரிமப் பொருள்கள் நீரிலேயே தங்குகின்றன. இதனால் தெளிந்த நீரை நீண்டநாள் வைத்திருந்தால் நுண்ணுயிர்கள் மீண்டும் பெருக இடமுண்டு. ஆகவே தேற்றாங்கொட்டை அன்றாடம் எடுத்து அன்றாடம் பருகும் வீட்டுப் பானைக்கு ஏற்ற முறை. ஒரு நகரத்தின் குழாய்களில் ஓடும் நீருக்கு அது விடையாகாது.

பழந்தமிழ்ச் சமூகம் இக்குறையை வேறொரு வகையில் ஈடுசெய்தது. குடிநீருக்கெனத் தனியே ஊருணி வைத்து, அதில் குளித்தலையும் கால்நடை இறங்குதலையும் விலக்கியது அம்முறை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் ஏரி வாரியம் நீர்நிலையைப் பேணுதல் ஊராட்சியின் கடமையாக இருந்ததைக் காட்டுகிறது. நீரை எடுத்த பின் தூய்மையாக்குவதைவிட எடுக்கும் இடத்தையே காப்பது இம்முறையின் அடிப்படை. பிற்காலத்தில் நகர் பெருகியபோது இழக்கப்பட்டது விதையன்று, இந்தக் காப்பே.

2. ஏழு கிணறு முதல் செங்குன்றம் வரை

புனித ஜார்ஜ் கோட்டைக்கு 1772ஆம் ஆண்டில் கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டத்தின்படி பெத்தநாயக்கன்பேட்டையின் வடபகுதியிலிருந்த ஏழு கிணறுகளிலிருந்து குழாய்வழி நீர் தரப்பட்டது. கடற்கரை மணற்பரப்பில் ஊறிய நீர் அது. மழைநீர் மணலடுக்குகளின் ஊடே இறங்கி வரும்போதே வடிகட்டப்பட்டுவிடுவதால் அதில் கலங்கலோ பாசியோ சிக்கலாக இருக்கவில்லை. நகரின் முதல் மணல் வடிகட்டி நிலத்தின் அடியிலேயே இருந்தது எனலாம். ஆனால் அந்நீர் முதன்மையாகக் கோட்டைக்கு உரியது. நகர மக்கள் கிணறுகளையும் குளங்களையும் நம்பியே வாழ்ந்தனர்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காலராவும் வறட்சியும் நகரை வாட்டின. பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஃபிரேசர் 1866ஆம் ஆண்டில் அளித்த திட்டம் குடிநீரின் மூலத்தையே மாற்றியது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, நீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் எனப்படும் புழல் ஏரிக்கும் திருப்புவதே அத்திட்டம். 1872ஆம் ஆண்டில் ஏரியின் மதகு வழியாக நீர் திறந்த மண் வாய்க்காலில் கீழ்ப்பாக்கத்தை அடைந்தது. அங்குக் கட்டப்பட்ட கற்காரைக் கிணற்றிலிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் நகருக்குள் பாய்ந்தது.

அளவு நோக்கில் இது பெரும் முன்னேற்றம். இயல்பு நோக்கில் நிலைமை மாறுபட்டது. நிலத்தடியில் வடிந்து தெளிந்த நீரின் இடத்தை வானந்திறந்த ஏரிநீர் பெற்றது. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்றுவெள்ளம் கொண்டுவந்த மண் ஏரியில் ஓரளவு படிந்தாலும் நுண்களிமண் நீரிலேயே நின்றது. பத்துக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு திறந்தே ஓடிய வாய்க்காலில் கரைமண் சரிந்தது. மனிதரும் கால்நடையும் அதை அணுகத் தடையிருக்கவில்லை. எவ்வித வடிகட்டலும் இன்றி இந்நீர் 40 ஆண்டுகளுக்கு மேல் நகரின் குழாய்களில் ஓடியது. குழாய்நீர் என்பதால் அது தூயநீர் ஆகிவிடவில்லை என்பதற்கு 1872 முதல் 1914 வரையிலான காலமே சான்று.

3. மணலின் வருகை

இதே காலத்தில் ஐரோப்பாவில் மணல் வடிகட்டி நிலைபெற்றுவிட்டது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஜான் கிப் 1804ஆம் ஆண்டில் தம் வெளுப்புத் தொழிலகத்துக்காக நீரை வடிகட்டி, மிகுந்ததை ஊர்மக்களுக்கு விற்றார். 1829ஆம் ஆண்டில் லண்டனின் செல்சி நீர்க் குழுமத்துக்கு ஜேம்ஸ் சிம்ப்சன் அமைத்த வடிகட்டி பின்வந்தவற்றுக்கு முன்மாதிரியாயிற்று. 1852ஆம் ஆண்டின் சட்டம் லண்டனுக்குத் தரப்படும் ஆற்றுநீரை வடிகட்டுவதைக் கட்டாயமாக்கியது.

தொடக்கத்தில் மணலின் வேலை மண்ணைத் தடுப்பது மட்டுமே எனக் கருதப்பட்டது. அதன் ஆழ்ந்த பயனை 1892ஆம் ஆண்டுக் காலரா வெளிப்படுத்தியது. எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் பருகிய ஹாம்பர்க் நகரில் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தனர். அதே ஆற்றில், ஹாம்பர்க்கின் கழிவு கலந்த கீழ்ப்பகுதியில் நீர் எடுத்த அண்டை நகரமான ஆல்டோனா, மணலில் வடிகட்டியதால் பெருமளவு தப்பியது. ராபர்ட் காக் இதை ஆராய்ந்து, வடிகட்டியின் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய வழவழப்புப் படலமே காப்பின் உறைவிடம் எனக் காட்டினார். பாசி, நுண்ணுயிர், கரிமப் பொருள் ஆகியவை சேர்ந்து அமையும் அவ்வுயிர்ப்படலமே நோய்க்கிருமிகளைப் பிடித்து உண்டது. வடிகட்டுவது மணல் மட்டுமன்று, மணல்மேல் வாழும் உயிர்த்தொகுதியும்தான் என்பது அதன்பின் உறுதியாயிற்று.

இந்தியாவில் இம்முறையை முதலில் பெருமளவில் ஏற்றது கல்கத்தா. ஹூக்ளி ஆற்றின் வண்டல் மிகுந்த நீரைப் பல்தாவில் படிவுத்தொட்டிகளில் நிறுத்தி, பின் மணலில் வடித்து 1870 அளவில் அந்நகர் பெறத் தொடங்கியது. சென்னை அதே காலத்தில் வடிகட்டாத ஏரிநீரைப் பெறத் தொடங்கியது என்பது இரு நகரங்களின் வேறுபாட்டைக் காட்டுகிறது. ஏரி தானே ஒரு பெரிய படிவுத்தொட்டி என்னும் எண்ணம் சென்னையில் வடிகட்டியின் தேவையை மறைத்தது எனக் கருத இடமுண்டு.

4. மேட்லியின் திட்டம்

1907ஆம் ஆண்டில் சென்னை நகராட்சி தனிப் பொறியியல் பிரிவு ஒன்றை ஜே. டபிள்யூ. மேட்லியின் தலைமையில் அமைத்தது. அவர் வகுத்த திட்டம் நீரின் இயல்பைப் படிப்படியாகத் திருத்துவதாக அமைந்தது. செங்குன்றம் ஏரியில் நீர் ஜோன்ஸ் கோபுரத்தின் வழியாக எடுக்கப்பட்டது. ஏரிக்கரையிலேயே பருமணல் முன்வடிகட்டிகள் அமைந்தன. திறந்த மண்வாய்க்காலுக்கு மாற்றாக நிலத்தடியில் மூடிய செங்கற்கட்டுக் கால்வாய் கீழ்ப்பாக்கம்வரை கட்டப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் 14 மெதுமணல் வடிகட்டிகள், தூயநீர்த் தொட்டி, நீராவி எந்திரங்கள், 15 இலட்சம் கேலன் கொள்ளும் உயர்நிலை எஃகுத் தொட்டி ஆகியவை இடம்பெற்றன. நிலையம் 1914ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பட்டது.

இத்திட்டத்தின் சிறப்பு மணலில் மட்டும் இல்லை. மூடிய கால்வாய் வழியிடை மாசினைத் தடுத்தது. முன்வடிகட்டி மெதுமணலின் சுமையைக் குறைத்தது. மெதுமணல் வடிகட்டி இயல்பிலேயே கலங்கலைத் தாங்காதது. அதில் நீர் மணிக்கு ஏறத்தாழ 10 முதல் 20 சென்டிமீட்டர் வேகத்தில் மட்டுமே இறங்குகிறது. மிகுந்த மண் வந்தால் மேற்படலம் அடைபட்டுச் சில நாட்களிலேயே நீரிறக்கம் நின்றுவிடும். அப்போது நீரை வடித்துவிட்டு, ஆட்கள் இறங்கி மேல்மணலை ஓரிரு சென்டிமீட்டர் அளவில் சுரண்டி எடுத்துக் கழுவ வேண்டும். உயிர்ப்படலம் மீண்டும் வளரச் சில நாட்கள் ஆகும். ஆகவே நீர் முன்னரே ஓரளவு தெளிந்திருத்தல் இம்முறைக்கு இன்றியமையாதது.

திட்டத்தின் கணக்கு 1961ஆம் ஆண்டில் நகர மக்கள்தொகை 6.6 இலட்சம் ஆகும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கேலன் நீர் தேவை என்னும் மதிப்பீட்டில் அமைந்தது. இது நாளொன்றுக்கு 165 இலட்சம் கேலன், அதாவது ஏறத்தாழ 7.5 கோடி லிட்டர் ஆகிறது. மணிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் இதனை வடிக்க 15,000 சதுர மீட்டருக்கும் மிகுதியான மணற்பரப்பு வேண்டும். 1901ஆம் ஆண்டில் 5.09 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1911இல் 5.19 இலட்சமாகவே உயர்ந்திருந்த சூழலில் அம்மதிப்பீடு மிகையற்றதாகத் தோன்றியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1941இல் மக்கள்தொகை 7.77 இலட்சம், 1961இல் 17.29 இலட்சம்.

5. வெயிலும் பாசியும்

மக்கள்தொகையைவிட நுட்பமான மற்றொரு கணக்கும் பிழைத்தது. அது வெயில் பற்றியது. மெதுமணல் வடிகட்டி குளிர்நாட்டின் ஆழ்ந்த நீரையும் மங்கிய ஒளியையும் கண்டு உருவானது. அங்கும் கோடையில் பாசி தொல்லை தரும். ஆனால் அது சில மாதங்களுக்கு மட்டுமே. சென்னையின் ஏரிகள் ஆழங்குறைந்தவை, ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானவை. வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வரும் மழைநீர் பாசிக்கு வேண்டிய ஊட்டத்தைச் சேர்க்கிறது. மழை ஓய்ந்து களிமண் படிந்து நீர் தெளியும்போது வெயில் ஆழத்துக்கு இறங்கிப் பாசியைப் பெருக்குகிறது. ஒரு பருவத்தின் கலங்கல் நீங்குவதே அடுத்த பருவத்தின் பாசிக்கு வழி திறக்கிறது.

பாசி வடிகட்டிக்கு நட்பும் பகையும் ஆகும். பகலில் அது வெளியிடும் உயிர்வளி மணற்படலத்து நுண்ணுயிர்களை வாழ்விக்கிறது. இரவில் அதே பாசி உயிர்வளியை உட்கொள்கிறது. பெருகி மடியும்போது அதன் சிதைவு மணலுக்குள் உயிர்வளியே இல்லாத நிலையை உண்டாக்கும். அந்நிலையில் நீரிலுள்ள சல்பேட்டு உப்புகளை நுண்ணுயிர்கள் சிதைத்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைடை உருவாக்குகின்றன. இழைப்பாசிகளும் சிலிக்கா ஓடுடைய நுண்பாசிகளும் மேற்பரப்பை மூடி நீரிறக்கத்தைத் தடுக்கின்றன. நோய் தராத நீரும் பருக ஒவ்வாத நீராகிவிடக்கூடும் என்பது வெப்பநாட்டு வடிகட்டிகள் கற்பித்த பாடம்.

இத்தகைய சிக்கல்களால் ஐரோப்பிய அளவுகோல்களை அப்படியே ஏற்கலாமா என்னும் வினா எழுந்தது. டபிள்யூ. டபிள்யூ. கிளெமெஷா 1912ஆம் ஆண்டில் வெளியிட்ட வெப்பமண்டல மேற்பரப்பு நீர்களின் நுண்ணுயிரியல் பற்றிய நூல், இங்கிலாந்தின் தரநிலைகளை இந்திய நீர்நிலைகளுக்கு மாற்றமின்றிப் பொருத்துதல் தவறு என வாதிட்டது. தேக்கமும் வெயிலும் நோய்க்கிருமிகளைக் குறைக்கும் ஆற்றல் கொண்டவை என்பதை அவர் வலியுறுத்தினார். பாசியை வளர்க்கும் வெயிலே கிருமியை அழிக்கவும் செய்கிறது என்னும் இருமை இங்குத் தெளிவாகிறது.

மதராஸ் மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் பெயரால் அமைந்த கிண்டி கிங் நிலையம் நீர் ஆய்வுக்கு இடமளித்தது. எஸ். வி. கணபதி, நிலையாகப் பாசிப் பெருக்கம் கொண்ட கோயில் குளம் ஒன்றின் சூழலியலை ஆராய்ந்து 1940ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியிட்டார். அக்குளத்தின் பசுமைக்குக் காரணம் மைக்ரோசிஸ்டிஸ் ஏருஜினோசா என்னும் நீலப்பசும்பாசி. எம். ஓ. பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வளர்த்த பாசியியல் ஆய்வுமரபும் இக்காலத்தது. பாசியை வடிகட்டியின் அடைப்பாக மட்டும் நோக்காமல் ஏரியின் வாழ்வாக நோக்கும் அறிவு சென்னையிலேயே உருவாகிக்கொண்டிருந்தது என்பதற்கு இவை சான்றுகள்.

6. படிகாரம் மீண்டும் வருதல்

மெதுமணலுக்கு மாற்று அமெரிக்காவில் உருவாயிற்று. ஓஹையோ ஆற்றின் நுண்களிமண் கலங்கலை மெதுமணலால் கையாள இயலாத நிலையில், லூயிவில் நகரில் ஜார்ஜ் ஃபுல்லர் 1895 முதல் 1897 வரை ஆய்வுகள் நடத்தினார். முதலில் படிகாரத்தால் துகள்களைத் திரட்டிப் படியவைத்து, பின் விரைந்து மணலில் வடிப்பதே ஏற்ற வழி என்பது அவர் கண்ட முடிவு. 1902ஆம் ஆண்டில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபால்சில் அவர் வடிவமைத்த நிலையம் இம்முறையின் முன்மாதிரியாயிற்று. பானையில் படிகாரத்தைச் சுழற்றிய பழைய கைவழக்கம் அளவையும் கணக்கையும் பெற்று நகருக்குரிய முறையாகத் திரும்பியது.

விரைமணல் வடிகட்டியில் நீர் மணிக்கு 5 மீட்டர் அளவில் இறங்குகிறது. 7.5 கோடி லிட்டர் நீருக்கு மெதுமணல் 15,000 சதுர மீட்டரைக் கேட்குமெனில் விரைமணல் 625 சதுர மீட்டரில் அதனைச் செய்துவிடும். 1961ஆம் ஆண்டின் உண்மையான மக்கள்தொகைக்கு ஆளுக்கு 25 கேலன் தர மெதுமணல் 40,000 சதுர மீட்டருக்கு மேல் வேண்டியிருக்கும். நெருங்கி வளர்ந்த நகரில் மெதுமணல் பின்வாங்கியதற்கு அறிவியலைவிட நிலமே பெரிய காரணம். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கீழ்ப்பாக்கத்திலும் விரைமணலே மேலோங்கியது.

ஆனால் உயிர்ப்படலம் இல்லாத விரைமணல் கிருமிகளைத் தனியே தடுக்காது. அவ்வேலையைக் குளோரின் ஏற்றது. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1905ஆம் ஆண்டுக் குடற்காய்ச்சலின்போது அலெக்சாண்டர் ஹூஸ்டன் குளோரின் சேர்மத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினார். 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெர்சி நகரில் ஜான் லீல் அதனை நிலையான முறையாக்கினார். தெளிவித்தல், வடித்தல், கிருமி நீக்கல் ஆகிய மூன்றும் தனித்தனிச் செயல்கள் எனப் பிரிந்தது இக்கட்டத்தில்தான்.

இம்முறையையும் பாசி சோதித்தது. ஒளிச்சேர்க்கையின்போது பாசி நீரில் கரைந்த கரிவளியை உறிஞ்சுவதால் நண்பகலுக்குப் பின் நீரின் காரத்தன்மை ஏறுகிறது, பி.எச். மதிப்பு 9க்கு மேலும் செல்லக்கூடும். படிகாரம் செம்மையாக வேலை செய்வதோ ஏறத்தாழ 6 முதல் 7.5 வரையிலான எல்லைக்குள். ஆகவே காலையில் சரியாக இருந்த படிகார அளவு மாலையில் போதாததாகிறது. வெவ்வேறு அளவு படிகாரம் இட்ட கலங்களைக் கலக்கி ஒப்பிட்டு உரிய அளவைத் தேர்வது நிலையங்களின் அன்றாடக் கடமையாக இருப்பதற்கு இதுவே காரணம். அன்றியும் நீலப்பசும்பாசியின் உயிரணுக்களில் காற்றுநிறை நுண்பைகள் உள்ளன; திரட்டிய பின்னும் அவை படியாமல் மிதந்து மணலை அடைகின்றன.

பாசியை ஏரியிலேயே கொல்லும் வழியும் தேடப்பட்டது. அமெரிக்க வேளாண் துறையின் மூர், கெல்லர்மன் ஆகியோர் 1904ஆம் ஆண்டில் மயில்துத்தம் மிகச் சிறிய அளவிலேயே பாசியை அழிக்கும் எனக் காட்டினர். வடிகட்டலுக்கு முன்னரே குளோரின் இடுவதும் வழக்கமாயிற்று. ஆனால் உடைந்த பாசி அணுவின் உட்பொருள்கள் நீரில் கலக்கின்றன. மண்வாடை தரும் ஜியோஸ்மின் போன்ற சேர்மங்களும், மைக்ரோசிஸ்டின் என்னும் ஈரல் நஞ்சும் அவற்றுள் அடங்கும். 1974ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் யோகன்னஸ் ரூக், நீரின் கரிமப் பொருள்களோடு குளோரின் வினைபுரிந்து குளோரோஃபாம் முதலியவற்றை உண்டாக்குவதை வெளிப்படுத்தினார். பாசியைக் கொன்று நீக்குவதைவிட உயிரணு உடையாமல் நீக்குவதே நன்று என்னும் கொள்கை இதனால் வலுப்பெற்றது. நுண்ணிய காற்றுக்குமிழிகளால் பாசியை மேலே மிதக்கவைத்து வழித்தெடுக்கும் முறை அக்கொள்கையின் விளைவாகும். படியாததைப் படியவைக்க முயல்வதை விடுத்து, அது மிதக்கும் இயல்பையே பயன்படுத்திக்கொள்ளும் முறை அது.

7. புதிய நிலையங்கள், பழைய நீர்

1944ஆம் ஆண்டில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. நகரமேயராக இருந்து அதற்கு வித்திட்ட எஸ். சத்தியமூர்த்தி 1943இல் மறைந்தார். நீர்த்தேக்கம் பின்னர் அவர் பெயர் பெற்றது. 1978இல் சென்னைக் குடிநீர் வாரியம் உருவாயிற்று. 1996இல் கிருஷ்ணா நீர் பூண்டியை அடைந்தது. 2004இல் வீராணம் ஏரிநீர் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அது வடக்குத்து நிலையத்தில் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் அளவில் தூய்மையாக்கப்படும் வகையில் அமைந்தது. 2007இல் செம்பரம்பாக்கத்தில் 53 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் இயங்கத் தொடங்கியது.

நிலையங்கள் புதியவை, அவற்றை அடையும் நீரின் இயல்பு ஃபிரேசர் காலத்ததே. வீராணம் காவிரிப் பாசனத்தின் வால்பகுதியில் உள்ள, ஆழங்குறைந்த சோழர்கால ஏரி. வயல்களின் ஊட்டச்சத்தும் வண்டலும் அங்கு வந்து சேர்கின்றன. ஏரியின் நீர்மட்டம் தாழும்போது அடிவண்டல் கிளர்ந்து கலங்கலும், வெயிலால் பாசியும் ஒருசேர மிகுகின்றன. வறட்சிக் காலத்தில்தான் நகருக்கு நீர் மிகவும் தேவைப்படுகிறது. அப்போதுதான் அது தூய்மையாக்க மிகக் கடினமான நிலையில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு வறட்சியில் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரும் செம்பரம்பாக்கம் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டு வழங்கப்பட்டது. நிலையம் எந்த நீரையும் குடிநீராக்கும் என்னும் நம்பிக்கையின் உச்சமாகவும், மூலநீரைக் காக்கத் தவறியதன் அடையாளமாகவும் அதனைக் கொள்ளலாம்.

இதற்கிடையே தரநிலைகள் இறுகியுள்ளன. இந்தியத் தரநிலை குடிநீரின் கலங்கல் 1 அலகுக்கு மிகாதிருத்தலை ஏற்புடைய அளவாகவும், வேறு நீர்மூலம் இல்லாதபோது 5 அலகை இறுதி எல்லையாகவும் கொள்கிறது. கண்ணுக்குத் தெளிந்து தோன்றும் நீரும் இவ்வெல்லையைத் தாண்டியிருக்கலாம். கலங்கல் வெறும் தோற்றக்குறை அன்று. துகளுக்குள் மறையும் கிருமியைக் குளோரின் எட்டாது என்பதே இக்கடுமைக்குக் காரணம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் முன்னுரையில் சுட்டிய இரு கூற்றுகளும் திருத்தம் பெறுகின்றன. தெளிவித்தல் என்னும் அறிவு தமிழகத்தில் சங்ககாலம் முதல் இருந்தது. மின்னேற்றத்தால் திரளும் துகளின் இயல்பைத் தேற்றாங்கொட்டை பானைக்குள் நாள்தோறும் மெய்ப்பித்தது. ஆயினும் கிருமி நீக்கல் அதில் அடங்கவில்லை. அதனை அளித்தவை 1914ஆம் ஆண்டின் மணற்படலமும் பின்வந்த குளோரினும். மறுபுறம், 1914ஆம் ஆண்டின் நிலையம் வெற்றிடத்தில் தோன்றியதன்று. வடிகட்டாத ஏரிநீரை 42 ஆண்டுகள் வழங்கியதும் அதே நிர்வாகமே. நிலத்தடி மணலில் இயல்பாக வடிந்த நீரையும், காவலுள்ள ஊருணியையும் விட்டு நீங்கியதால் ஏற்பட்ட இழப்பின் ஒரு பகுதியையே அந்நிலையம் ஈடுசெய்தது.

மண்கலங்கலுக்கு விடை நிலையத்துக்குள் கிடைத்தது. பாசிக்கு அத்தகைய முழு விடை இதுவரை கிடைக்கவில்லை. பாசி என்பது ஏரியில் சேர்ந்த ஊட்டச்சத்து, குறைந்த ஆழம், மிகுந்த வெயில் ஆகியவற்றின் கூட்டு விளைவு. படிகாரத்தின் அளவைக் கூட்டுவதும் குளோரினை முன்னரே இடுவதும் அவ்விளைவைக் கையாளும் வழிகளேயன்றிக் காரணத்தை நீக்கும் வழிகளல்ல. தூர்வாரி ஆழப்படுத்துதல், கழிவுநீர் வரவைத் தடுத்தல், கரையோர நிலப்பயன்பாட்டை ஒழுங்குபடுத்துதல் ஆகியவை நீர்த் தூய்மையாக்கத்தின் முதற்படிகளாகக் கருதப்பட வேண்டியவை. உத்திரமேரூரின் ஏரி வாரியம் செய்த பணியும் கீழ்ப்பாக்கத்தின் மணல் செய்த பணியும் ஒரே செயலின் இரு பகுதிகள். அவற்றுள் முதலாவதைக் கைவிட்டு இரண்டாவதை மட்டும் பெருக்கியதே சென்னைக் குடிநீர் வரலாற்றின் கடந்த 150 ஆண்டுப் போக்காக அமைந்துள்ளது.